பள்ளியில் பரிசுக் கடை: எதற்கு டோக்கன், என்ன விலை, எங்கே சறுக்கும்

நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பள்ளியில் ஒன்று முதல் எட்டு வரை 150 பிள்ளைகள், ஆறு ஆசிரியர்கள். நன்றாக நடந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு டோக்கன் கொடுத்து, அதை வைத்துப் பொருள் வாங்கிக்கொள்ள ஒரு சின்னக் கடை வைக்கலாமா என்று யோசிக்கிறோம். எப்படி நடத்துவது? என்ன செலவாகும்? பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் 'என்ன தருவீங்க' என்று கேட்கப் பழகிவிட மாட்டார்களா?"

வைக்கலாம் டீச்சர். திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பது வருடம் இப்படி ஒரு கடையை நடத்தியிருக்கிறேன். முதல் வருடம் படு தோல்வி. அந்தத் தோல்வியில் தெரிந்துகொண்டதுதான் அதிகம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜூலையில் ஆரம்பித்தோம். ஆளுக்கு ஒரு கட்டு டோக்கன், கலர் அட்டையில் வெட்டியது. "நல்லது செய்தால் கொடுங்கள்" என்பதோடு ஆசிரியர் கூட்டம் முடிந்தது. சாக்பீஸ் எடுத்து வந்தால்கூட அஞ்சு டோக்கன் கொடுத்தவரும் உண்டு, கட்டைப் பிரிக்காமலே பீரோவில் வைத்தவரும் உண்டு. ஆயுத பூஜைக்குள் எத்தனை டோக்கன் புழக்கத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கடை இரண்டாவது தடவை திறந்தபோதே பெட்டி காலி. விலையை ஏற்றினோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நேராக வந்து, "மிஸ், போன தடவை வாசனை ரப்பர் அஞ்சு. இப்ப ஏன் பத்து? இது என்ன பெட்ரோலா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. டிசம்பரில் கடையை மூடிவிட்டோம்.

பொருள் வாங்கியதில் தப்பில்லை, கணக்கு வைக்காததும் பெரிய தப்பில்லை. எதற்காகக் கொடுக்கிறோம் என்பதே எங்களுக்குத் தெளிவாக இல்லை, அதுதான் தப்பு. டோக்கன் முதலில் வேலை செய்வது நம் கண்ணில். முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நம் பார்வை தானாகப் போய் நிற்பது பேசுகிறவன் மேல், அடிக்கிறவன் மேல், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பவன் மேல். கையில் பதினைந்து டோக்கன் இருக்கிறது, மாலைக்குள் கொடுத்தாக வேண்டும் என்றால், சரியாக நடந்துகொள்கிறவர்களைத் தேட ஆரம்பிப்போம். அந்தத் தேடல்தான் வகுப்பை மாற்றுகிறது. கடை அதற்கு ஒரு சாக்கு.

இது நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அன்னா என்ற ஊரின் அரசு மனநல மருத்துவமனையில் அய்லான், அஸ்ரின் என்ற இரண்டு உளவியலாளர்கள், படுக்கையைச் சரிசெய்வது, சமையலறையில் உதவுவது போன்ற வேலைகளுக்கு நோயாளிகளுக்கு டோக்கன் கொடுத்து, அதை வைத்து வேண்டியதை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். அங்கிருந்து அது வகுப்பறைகளுக்கு வந்தது. 1997-இல் அமெரிக்காவின் மாற்றுத்திறன் மாணவர் கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது, நல்ல நடத்தையை வளர்க்கும் வழிகளைப் பள்ளிகள் யோசிக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இடம்பிடித்தது. அதன்பின் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று வளர்த்த முறையை அந்த நாட்டில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் எடுத்துக்கொண்டன. அங்குள்ள பள்ளிக் கடைகள் பெரும்பாலும் அந்த முறையின் ஒரு மூலைதான். மற்ற மூலைகளை விட்டுவிட்டுக் கடையை மட்டும் எடுத்து வந்தால் எங்கள் முதல் வருடம் மாதிரி ஆகும். நம் நாட்டில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பிரம்பைக் கீழே போடச் சொன்ன சட்டம், அந்தக் கையில் வேறு எதை எடுப்பது என்று சொல்லித் தரவில்லை. அதனால்தான் உங்களைப் போல நிறையப் பேர் இப்போது இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கடைக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் ஆறு ஆசிரியர்களும் உட்கார்ந்து மூன்றே மூன்று நடத்தைகளைத் தேர்ந்தெடுங்கள். "ஒழுக்கம்", "மரியாதை" என்று எழுதினால் ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே நடந்ததா இல்லையா என்று சொல்ல முடிய வேண்டும். நாங்கள் இரண்டாவது வருடம் வைத்தவை: மணி அடித்து இரண்டு நிமிடத்துக்குள் இடத்தில் உட்கார்ந்திருப்பது, ஒருவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருப்பது, மதிய உணவுக்குத் தள்ளாமல் வரிசையில் நின்று, சாப்பிட்ட இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு எழுவது. சத்துணவு வரிசையில்தான் எங்களுக்கு தினமும் பஞ்சாயத்து. உங்கள் பள்ளியில் அது பஸ் நிறுத்தமாக இருக்கலாம், கழிப்பறைப் பக்கமாக இருக்கலாம். எங்கே தினமும் தொண்டை வற்றக் கத்துகிறீர்களோ அங்கிருந்து எடுங்கள்.

தேர்ந்தெடுத்ததைச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். நாங்கள் ஒரு வாரம் பிரேயர் முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பதை நாடகம் மாதிரி நடித்தே காட்டினோம். எட்டாம் வகுப்புப் பையன்கள் "தள்ளுகிறவன்" வேஷத்துக்குப் போட்டி போட்டார்கள்.

கொடுக்கும் விதம்தான் எல்லாம். டோக்கனைக் கையில் வைத்துவிட்டு "குட், குட்" என்று நகர்ந்துவிட்டால், எதற்கு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. "தம்பி, பின்னால் நின்ற பாப்பா தட்டு வைக்க இடம் விட்டாயே, அதுக்கு" என்று, நடந்த உடனே, மெல்லிய குரலில், அந்தப் பிள்ளைக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். ஐந்து விநாடி வேலை. மூன்றாம் வருடத்திலிருந்து டோக்கனின் பின்பக்கம் பிள்ளையின் பெயரையும் காரணத்தையும் இரண்டே வார்த்தையில் பென்சிலால் எழுத ஆரம்பித்தோம்: "இடம் விட்டது", "காத்திருந்தது". எழுத நேரமில்லாத நாளில் டோக்கன் குறைவாகவே போகும், போகட்டும்.

எதற்குக் கொடுக்கக் கூடாது என்பதிலும் உறுதியாக இருங்கள். முதலில் மார்க். ஹார்வர்டு பொருளாதார அறிஞர் ரோலண்ட் ஃப்ரையர் 2007-08 வாக்கில் அமெரிக்க நகரங்களில் நிஜப் பணத்தையே கொடுத்துச் சோதித்தார். நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம் கொடுத்தபோது மதிப்பெண் உயரவில்லை. டல்லஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒரு புத்தகம் படித்துச் சிறு வினாடிவினாவில் தேறினால் 2 டாலர். அங்கே ஆங்கிலத்தில் தேர்வு எழுதிய பிள்ளைகளிடம் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் கூடியது. ஸ்பானிஷில் எழுதியவர்களிடம் கூடவில்லை. மார்க்கை எப்படி வாங்குவது என்று பிள்ளைக்குத் தெரியாது, புத்தகத்தை எப்படித் திறப்பது என்று தெரியும். பிள்ளையின் கைக்கு எட்டுகிற செயலுக்குத்தான் டோக்கன். ரேங்க் கார்டுக்குக் கொடுத்தால் ஏற்கெனவே வாங்குகிற நான்கு பேரே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார்கள்.

அடுத்தது, பிள்ளை தானாகவே ஆசைப்பட்டுச் செய்வது. உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பம் உள்ள பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து, யாரும் எதுவும் சொல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்துப் பார்த்தால், முன்கூட்டியே பரிசு பேசிக்கொண்ட பிள்ளைகள் மற்ற குழுக்களைப் போலச் சுமார் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்களிடம் அந்தச் சரிவு இல்லை.

இதைக் காட்டிப் பரிசே கூடாது என்பவர்கள் உண்டு. இந்த விஷயத்தில் ஆய்வாளர்களே பல வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள்: 1994-இல் ஒரு தொகுப்பாய்வு பரிசால் பெரிய கேடு இல்லை என்றது, 1999-இல் இன்னொன்று 128 ஆய்வுகளை அலசிவிட்டுக் கேடு உண்டு என்றது. நான் எடுத்துக்கொண்டது இதுதான்: விருப்பமாகச் செய்வதற்குக் கூலி பேசாதே. எங்கள் பள்ளியில் நூலகப் புத்தகத்துக்கும் படம் வரைவதற்கும் கடைசிவரை டோக்கன் கிடையாது. தட்டு வரிசையில் நிற்பதில் எந்தப் பிள்ளைக்கும் உள்ளார்ந்த ஆர்வம் இருந்ததில்லை, அங்கே கெட்டுப்போக ஒன்றுமில்லை. அப்புறம், "செய்தால் தருவேன்" என்று முன்னால் பேரம் பேசவே கூடாது. நடந்ததைப் பார்த்து, நடந்த பிறகு, சில சமயம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கொடுத்தால் அது சம்பளம் ஆகிவிடும். "நான் குப்பையை எடுத்துப் போட்டேன், டோக்கன்?" என்று கையை நீட்டினால் எங்களிடம் ஒரே பதில்தான்: "கேட்டால் கிடையாது." முதல் மாதம் தினமும் இருபது தடவை சொல்ல வேண்டியிருந்தது. தீபாவளிக்கு அப்புறம் கேட்பது ஏறக்குறைய நின்றுவிட்டது.

இன்னொன்று, கொடுத்ததைத் திரும்பப் பிடுங்காதீர்கள். புள்ளியைக் குறைப்பதும் ஒரு வழிதான் என்று எழுதியிருப்பார்கள், ஆய்விலும் அது வேலை செய்திருக்கிறது. நிஜ வகுப்பில், கோபத்தில் இருக்கும் ஆசிரியர் கையில் அது இன்னொரு பிரம்பு. திங்கட்கிழமை ஒரு பிள்ளை வரிசையில் நின்றது நடந்த விஷயம், புதன்கிழமை அவன் யாரையோ கிள்ளியதால் அது நடக்காமல் போகாது. கிள்ளியதற்கு வேறு கணக்கு. சுவரில் பெயர்ப்பட்டியல் ஒட்டி நட்சத்திரம் வைப்பதும் வேண்டாம். கடைசியில் இருக்கும் பெயரைத்தான் எல்லோரும் முதலில் படிப்பார்கள்.

இப்போது நான் வெட்கப்பட்ட ஒரு விஷயம். மூன்றாவது வருடம், ஐந்தாம் வகுப்பு. கடை நாளன்று ஒரு பெண் வரிசையிலேயே நிற்கவில்லை. "ஏம்மா, வாங்கலையா?" என்றேன். "எங்கிட்ட இல்ல மிஸ்." சேர்த்து வைக்கிறாளோ என்று நினைத்து, நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஆறு வாரத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரு தடவைகூட அவள் யாரையும் தள்ளியதில்லை, ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. மோசமான பையன் ஒரு நாள் ஒழுங்காக உட்கார்ந்தால் நமக்குப் பளிச்சென்று தெரிகிறது, உடனே கொடுக்கிறோம். கெட்டிக்காரப் பிள்ளை கை தூக்கிக்கொண்டே இருக்கும், அதற்கும் கொடுக்கிறோம். நடுவில் சத்தம் போடாமல் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிற பத்துப் பிள்ளைகள் கண்ணிலேயே படுவதில்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: வெள்ளிக்கிழமை மதியம் வருகைப் பதிவேட்டைத் திறந்து, இந்த வாரம் கொடுத்தவர்கள் பெயருக்கு எதிரே பென்சிலில் ஒரு புள்ளி. புள்ளி விழாத பெயர்களைத் திங்கட்கிழமை காலை தேடிப் பார்ப்பேன். தேடினால் கட்டாயம் கிடைக்கும். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

பணக் கணக்கு. ஆறு ஆசிரியர்கள், ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து டோக்கன், பத்து வேலை நாளுக்கு ஒரு தடவை கடை என்றால் 900 டோக்கன். 150 பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் சராசரி ஆறு. எனவே மிகச் சின்னப் பொருள் நான்கு டோக்கனில் இருக்க வேண்டும், ஒவ்வொரு கடையிலும் எல்லோரும் ஏதாவது வாங்க முடியும். நடுத்தரப் பொருள் பத்து, பன்னிரண்டு. இரண்டு மாதம் சேர்த்தால்தான் கிடைக்கும் பொருள் ஒன்றிரண்டு, முப்பது டோக்கனில். ஒரு டோக்கனைத் தோராயமாக ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு காசில்லாத சலுகைகளுக்குப் போகும், கொஞ்சம் சேமிப்பில் கிடக்கும், கொஞ்சம் யூனிஃபார்ம் பாக்கெட்டோடு துவைக்கப் போய்விடும். கடைக்கு 500, 600 ரூபாய்ப் பொருள் போதும். வருடத்துக்கு இருபது கடை என்றால் பத்து, பன்னிரண்டாயிரம். எங்களுக்கு அதில் பாதியை முன்னாள் மாணவர்கள் கொடுத்தார்கள், மீதி பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி ஊரில் இருவர் ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளைகளிடம் வசூல் கூடவே கூடாது. கூடுதல் காசு கொடுத்துப் பொருள் வாங்கவும் விடக் கூடாது. ஒரு தடவை ஒரு அப்பா, "அந்த ஸ்கிப்பிங் கயிறுக்கு இன்னும் எட்டு டோக்கன் குறையுதாம் சார், இந்தாங்க பத்து ரூபா" என்று தலைமை ஆசிரியரிடம் வந்தார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தோம்.

நிறையப் பள்ளிகளில் ஆளில்லாத கடை ஒன்று வைத்து, பிள்ளைகளே பொருளை எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போடும் நேர்மைக் கடை நடத்துகிறார்களே, அது வேறு. நல்ல விஷயம்தான், இரண்டையும் ஒரே அலமாரியில் கலக்காதீர்கள்.

பொருள் வாங்க நாங்கள் மதுரைக்குப் போவோம். புது மண்டபத்தில் இருந்த கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு வந்துவிட்டன, அந்தச் சுற்றுவட்டாரத்தில் டஜன் கணக்கில் எடுக்கலாம். சென்னைக்காரர்களுக்குப் பாரிமுனை இருக்கிறது, பந்தர் தெருவில் ஸ்டேஷனரி மொத்த விலையில் கிடைக்கும். நாம் நினைப்பது ஒன்று, விற்பது வேறொன்று. ஆசிரியர்கள் ஆசையாக வாங்கிய குறள் அட்டைகள் மூன்று வருடம் கிடந்தன. ஜியாமெட்ரி பாக்ஸும் வண்ணப் பென்சிலும் அரசே இலவசமாகத் தருகிறது, அதை வைத்தால் யார் வாங்குவார்கள்? போனது என்ன தெரியுமா: வாசனை ரப்பர், தண்ணீர் தொட்டு ஒட்டும் டாட்டூ, பளபளா ஜெல் பேனா, ஹேர் கிளிப், பம்பரம், கீ செயின். கீ செயினுக்கு அத்தனை கிராக்கி ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, எந்தப் பிள்ளையிடமும் சாவி கிடையாது. பைக்கட்டு ஜிப்பில் மாட்டிக்கொள்வார்கள். கோலிக்குண்டு வைக்காதீர்கள், ஒன்றாம் வகுப்பு வாயில் போடும். துள்ளும் பந்து ஒரே வாரத்தில் நிறுத்தப்பட்டது, காரணம் ஸ்டாஃப் ரூம் ஜன்னலைக் கேளுங்கள்.

சாக்லேட், பாக்கெட் தீனி வேண்டாம். பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறையே இருக்கிறது. நம் கடை காசுக்கு விற்பதில்லை என்று சட்டம் பேசலாம். ஆனால் வாசலில் தள்ளுவண்டியை நகரச் சொல்லிவிட்டு உள்ளே நாமே மிட்டாய் கொடுப்பது எப்படி?

பிள்ளைக்கு உரிமையாகச் சேர வேண்டிய எதையும் விலை போட்டு வைக்காதீர்கள். எழுத நோட்டு, விளையாட்டு பீரியட், கழிப்பறைக்குப் போவது, இரண்டாவது கரண்டி சாம்பார், இதெல்லாம் டோக்கனுக்கு வராது. விளையாட்டு பீரியடை விலைக்கு வைக்கலாம் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். மற்ற ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றது அந்த வருடத்தில் அது ஒரு தடவைதான்.

கடை நாள் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட். கடைக்காரர்கள் எட்டாம் வகுப்பில் இருவர், முறை வைத்து. அந்த வயதில் வாசனை ரப்பருக்கு ஆசைப்படுவது மானக்கேடு, கல்லாவில் உட்காருவது கௌரவம். ஒருவர் பொருள் எடுத்துக் கொடுப்பார், ஒருவர் டோக்கனை எண்ணி நோட்டில் எழுதுவார். மாலை இருப்பைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கழித்தல் கணக்கில் தடுமாறிய ஒரு பையன் கல்லாவில் ஒரு பருவம் உட்கார்ந்தே சரியானான். ஒன்றாம் வகுப்பை முதலில் விடுங்கள், இல்லையென்றால் பெரியவர்கள் நல்லதை எடுத்துவிட, குட்டிகளுக்கு மிச்சம்தான் கிடைக்கும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குப் பத்து நாள் காத்திருப்பதெல்லாம் ஒரு யுகம். அவர்களுக்கு வாராவாரம் ஒரு சின்ன டப்பா வகுப்பிலேயே திறந்தோம்.

முன்பு சொன்ன அந்த ஐந்தாம் வகுப்புப் பெண், கணக்கு சரியான பிறகு, பன்னிரண்டு டோக்கன் சேர்த்து இரண்டு ஹேர் கிளிப் வாங்கினாள். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. மறுநாள் நீலம் அவள் தலையில், சிவப்பு இரண்டாம் வகுப்பில் படிக்கும் தங்கச்சி தலையில். கடையில் வாங்கியதில் நிறையப் பொருள் இப்படி வீட்டுக்குத்தான் போகிறது என்று அப்புறம்தான் கவனித்தேன். பேனா வாங்கும் பையன்களைக் கேட்டால் "அப்பாவுக்கு" என்பார்கள்.

தில்லுமுல்லு வரும், வராமல் இருக்காது. எங்கள் டோக்கனை ஒருவன் கலர் ஜெராக்ஸ் எடுத்துவிட்டான், ஒரு பக்கம் மட்டும். பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் பிடிபட்டான். பெயரும் காரணமும் எழுத ஆரம்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஏழாம் வகுப்பில் ஒருவன் ஐந்து டோக்கன் கடன் கொடுத்து ஏழாக வசூலித்துக்கொண்டிருந்தான், கிட்டத்தட்ட மீட்டர் வட்டி. வீட்டுப்பாடம் எழுதிக் கொடுக்க மூன்று என்று ஒரு விலை ஓடியது. பெரியவர்கள் சின்னவர்களிடம் பிடுங்குவதும் நடந்தது. டோக்கனில் பெயர் இருந்து, பெயருக்கு உரியவர் நேரில் வந்தால்தான் செல்லும் என்று ஆனதும் இவையெல்லாம் படுத்துவிட்டன. வட்டிக்காரப் பையனைத் திட்டவில்லை, அவனைக் கல்லாவில் உட்கார வைத்தோம். நோட்டில் ஒரு தப்பு வராது.

டோக்கனுக்கே மசியாத இரண்டு மூன்று பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் இருப்பார்கள். கடையை இன்னும் கவர்ச்சியாக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பல பேருக்குப் பத்து நாள் என்ன, பத்து நிமிடமே நீளம். வீட்டில் என்ன நடக்கிறது என்பதும் தெரியாது. நான் சொன்ன அமெரிக்க முறையிலேயே இவர்களுக்கென்று ஓர் ஏற்பாடு உண்டு: காலையில் பள்ளிக்குள் நுழைந்ததும் ஒரு குறிப்பிட்ட பெரியவரைப் பார்த்து ஒரு அட்டையை வாங்க வேண்டும், ஒவ்வொரு பீரியட் முடிவிலும் ஆசிரியர் அதில் குறிப்பார், மாலையில் அதே பெரியவரிடம் காட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் பள்ளியில் அந்தப் பெரியவர் சத்துணவு அமைப்பாளர் அக்கா. "சாப்பிட்டியாடா?" என்றுதான் தினமும் ஆரம்பிப்பார். அவரிடம் அட்டை வாங்க வந்த பையனுக்கு அட்டையைவிட அந்தக் கேள்விதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

இவ்வளவு செலவுக்கு வழியே இல்லை என்றால்? பொருள் இல்லாமலே நடத்தலாம். 1969-இல் கான்சாஸ் மாநிலத்தின் ஒரு நான்காம் வகுப்பில் பாரிஷ் என்ற ஆய்வாளரும் இரண்டு சகாக்களும் சேர்ந்து வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து ஒரு நடத்தை விளையாட்டு ஆடவிட்டார்கள். வெற்றி பெற்ற அணிக்குக் கிடைத்தது என்ன? சட்டையில் மாட்ட ஒரு அட்டை, பெயருக்கு எதிரே ஒரு நட்சத்திரம், மதியச் சாப்பாட்டுக்கு முதலில் போகும் உரிமை, நாளின் கடைசியில் கொஞ்சம் ஓய்வு நேரம். அதற்கே வகுப்பில் இரைச்சலும் இடம் விட்டு எழுவதும் வெகுவாகக் குறைந்தன. எங்கள் கடையிலும் ஒரு பலகையில் சலுகைகளை எழுதி வைத்திருந்தோம். கரும்பலகையில் தேதி எழுதுவது நான்கு. ஒரு நாள் பிடித்த நண்பன் பக்கத்தில் உட்காருவது எட்டு. பிரேயரில் செய்தி வாசிப்பது பத்து. ஆசிரியர் நாற்காலியில் ஒரு பீரியட் உட்காருவது பதினைந்து.

சலுகைகளிலேயே விலை கூடியது மாலை மணி அடிப்பது, இருபத்தைந்து டோக்கன். எங்கள் மணி ஒரு தண்டவாளத் துண்டு, வேப்பமரத்தில் கம்பியில் தொங்கும். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று மாதம் ரப்பர்கூட வாங்காமல் சேர்த்து, ஒரு வெள்ளிக்கிழமை அதை வாங்கினான். நான்கு பத்துக்கு அடிக்க வேண்டும் என்று சொல்லி, தலைமை ஆசிரியர் தன் கைக்கடிகாரத்தையே கழற்றிக் கொடுத்தார். மூன்றரையிலிருந்து மரத்தடியிலேயே நின்றான். நான்கு ஆறுக்கு மணி அடித்துவிட்டது. எட்டு வகுப்பும் ஒரே நேரத்தில் வெளியே ஓடியது. தலைமை ஆசிரியர் ரூமிலிருந்து எட்டிப் பார்த்தார், வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார், மறுபடி உள்ளே போய்விட்டார்.